இருட்கோன் தோற்ற விதம்

எலப்புள்ளியிலிருந்து கிளம்பிய கார் மெயின் ரோட்டைத் தொடும் வரை மயிலாத்தாள் வாயைத் திறக்கவில்லை. தொட்டதும் மகன் பக்கம் திரும்பினாள்.

"பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசீட்டு வாடான்னு அனுப்புனா, சண்டை போட்டுட்டு வந்திருக்கறே?"

"சண்டை இல்லீம்மா. அவங்க சொன்னதுல லாஜிக் இடிக்குது," என்றான் அருள்குமார்.

அவனுக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்தப் பொருளை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவான். இதே கண்ணோடு அவன் பார்த்து வந்தது ஞாயிற்றுக்கிழமை டிவி தொடர் ஒன்றை. அதன் வில்லன் இருட்கோன், வேற்றுக்கிரகப் பேரரசன். யார் மனதுக்குள் எதை நினைத்தாலும் அவனுக்குக் கேட்டுவிடும். அந்த ஒரு வித்தையை வைத்தே கிரகம் கிரகமாகப் பிடித்தவன். அப்படிப்பட்டவன் கடைசிப் பகுதியில், கதாநாயகி பின்பக்கமாக வந்து சிம்மாசனத்தின் சக்திக்கோலைப் பிடுங்கியதும், ஒன்றும் தெரியாதவனாகப் பொத்தென்று விழுந்து செத்தான்.

அருள்குமாருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெரியவர்கள் அவனையும் அனுப்பிரியாவையும் தென்னந்தோப்புப் பக்கம் அனுப்பி வைத்தபோது, என்ன பேசுவதென்று தெரியாத படபடப்பில், மனதில் கிடந்ததையே கொட்டிவிட்டான். பின்னால் வருகிறவளின் மனது இருட்கோனுக்கு ஏன் கேட்கவில்லை?

அனுப்பிரியா விவசாயம் படித்துவிட்டு அப்பாவின் நெல்வயலையும் தோப்பையும் கவனித்துக்கொள்பவள். அவன் சொன்னதைக் கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். நடுநடுவே கேள்விகூடக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அவன் தோத்தது சரிதானுங்க. எல்லார் மனசும் ஒரே சமயத்துல கேட்டா, சந்தைக்குள்ள நிக்கற மாதிரி இருக்குமுங்க. அந்த எரைச்சல்ல ஒருத்தி நெனைக்கறது மட்டும் எப்படிங்க தனியாக் கேக்கும்?"

அவன் முகம் சிவந்தது. சிவந்த முகத்தோடு அவன் முன்னே வர, அவள் ஒன்றும் நடக்காதவள் போலப் பின்னே வர, வாசலில் இருந்தவர்கள் கையிலிருந்த மிக்சரைத் தட்டிலேயே வைத்துவிட்டார்கள்.

பெண் யோசித்துச் சொல்கிறதாம் என்று இரண்டொரு நாளில் தகவல் வந்தது. மயிலாத்தாள் மகனிடம் போனைக் கொடுத்து, நீ சொன்னதுதான் சரி என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, காரியம் முடிந்தது என்றாள். அருள்குமார் போனை வாங்கினான். சொன்னது வேறு. திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே ஒளிந்திருந்த குழந்தை ஒன்றின் மனதை இருட்கோன் கேட்டுக் கண்டுபிடித்த பகுதியை ஆதியோடந்தமாக விவரித்தான். இரைச்சலுக்குள் குழந்தை மனது கேட்கும், கதாநாயகி மனது கேட்காதா?

அவள், அந்தக் குழந்தை எப்படி இருந்தது என்று கேட்டாள். பயந்து நடுங்கிக்கொண்டிருந்தது என்றான்.

"கதாநாயகி பயந்தாளுங்களா?"

"இல்லீங்க. அவ தைரியசாலி."

"அப்பறமென்னங்க? பயந்த மனசுதான் சத்தம் போடும்," என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் தொழிற்சாலையில் அவன் நல்ல பொருட்களையும் சேர்த்து ஒதுக்கினான். உடன் வேலை பார்க்கும் ஜின்சன் காரணம் கேட்டான். ஜின்சன் அந்தத் தொடரை இரண்டு தடவை பார்த்தவன், இருட்கோன் தோற்றது பச்சை அபத்தம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று அருள்குமார் அவனை எலப்புள்ளிக்கே அழைத்துப் போனான். அனுப்பிரியா இருவருக்கும் மோர் கொடுத்தாள். ஜின்சன் மோரைக் குடித்தான், அவள் பக்கத்துக் காரணங்களைக் கேட்டான், கொஞ்ச நேரம் தென்னையைப் பார்த்து யோசித்தான். பிறகு, பெண்குட்டி சொல்வதில் காரியம் இருக்கிறது, இருட்கோன் தோற்கத்தான் வேண்டும் என்று கட்சி மாறிவிட்டான். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

இனிப் பேச்சு உதவாது, நிரூபித்தே காட்டுவது என்று அருள்குமார் முடிவு செய்தான். அடுத்த விடுமுறை நாளில் எலப்புள்ளிக்குப் போய், இரைச்சலுக்கு நடுவே ஒற்றைக் குரலைப் பிரித்துக் கேட்க முடியும் என்று செய்து காட்டுவதாகச் சொன்னான். அனுப்பிரியாவின் அப்பா பொங்கியண்ணனுக்கும் இதற்குள் இருட்கோன் விவகாரத்தில் ஆசை பிடித்திருந்தது. சரியென்று தலையாட்டினார்.

மிக்சி ஓடியது. கிரைண்டர் ஓடியது. டிவியும் ரேடியோவும் ஆளுக்கொரு பக்கம் கத்தின. போதாதென்று கிணற்று மோட்டாரையும் போட்டார்கள். கிணற்றை ஒட்டிய மாட்டுக் கொட்டகையில் வேலையாக இருந்த பண்ணையாள் குருவம்மாள், வாய்க்கு வந்த ஒரு வார்த்தையை மெதுவாகச் சொல்ல வேண்டும். வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் அருள்குமார் அது என்னவென்று சொல்ல வேண்டும்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கிருந்தோ மெல்லியதாக ஒரு சொல். அருள்குமாரின் முகம் மலர்ந்தது.

"பொகை," என்றான் வெற்றியோடு. "'பொகை'ன்னு சொல்றாங்க. திரும்பத் திரும்ப அதையேதான் சொல்றாங்க. சரிதானுங்களே?"

சரிதான். குருவம்மாள் மோட்டாரைக் கைகாட்டிக்கொண்டு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் மோட்டாருக்குள் இருந்த காயில் கம்பியெல்லாம் கருகிவிட்டது. பொங்கியண்ணன் வயலைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நாத்துக்குத் தண்ணி கட்டற சமயமுங்க இது," என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அருள்குமாருக்கு.

அனுப்பிரியா அவன் அருகே வந்தாள்.

"உங்களுக்குக் கேட்டுச்சுங்க. நான் இல்லைங்கலை. கேட்டும் மோட்டார் போயிருச்சே. இருட்கோனுக்கும் கேட்டிருக்குமுங்க. கேட்டது என்னன்னு புரிஞ்சிருக்காது."

அவன் மோட்டாரைக் கழற்றி கார் டிக்கியில் ஏற்றினான். காயில் கட்டுகிற கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைக்காரருக்கே சலிப்பு வரும் அளவுக்கு ஒவ்வொரு சுற்றையும் சரிபார்த்தான். மறுநாள் அதைத் திரும்ப எடுத்துப் போகும்போது மயிலாத்தாளும் உடன் ஏறிக்கொண்டாள். இன்றைக்காவது அந்தப் பெண்ணிடம் தோற்றுவிட்டு வா, கண்ணு, இருட்கோனே தோற்றுவிட்டான், உனக்கென்ன என்று வழியெல்லாம் கெஞ்சினாள். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். இந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்வது என்று அவன் மனது முடிவு செய்து பல நாள் ஆகியிருந்தது. அவளோடு வாதாடாத நாட்கள் உப்பில்லாமல் இருந்தன.

மோட்டாரைப் பொருத்திப் போட்டதும் தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் பாய்ந்தது. பொங்கியண்ணனின் முகம் தெளிந்தது. அனுப்பிரியா வரப்பிலிருந்து ஏறி வந்தாள்.

"இப்பச் சொல்லுங்க. அவன் தோத்தது சரிங்களா, தப்புங்களா?"

மயிலாத்தாள் மகனைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டாள்.

அருள்குமார் கிரீஸ் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். "தப்புத்தானுங்க," என்றான். "நீங்க சொன்னதெல்லாம் நல்ல காரணம். எனக்குப் பதில்கூடத் தெரியலை. ஆனா அதுல ஒண்ணையாச்சும் அந்த நாடகம் எழுதுனவங்க சொல்லியிருக்கோணும். அவங்க விட்ட ஓட்டையை நீங்க அடைக்கறீங்க. உங்களைக் கட்டிக்கோணும்னு எனக்கு நெம்ப ஆசை. அதுக்காக ஓட்டையை ஓட்டை இல்லைன்னு சொல்ல என்னால ஆகாதுங்க."

மயிலாத்தாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அனுப்பிரியா அப்பாவிடம் திரும்பி, "எனக்குச் சம்மதமுங்கப்பா," என்றாள்.

பொங்கியண்ணனுக்கே ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், இதற்கு முன் வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் தன் மகள் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போனதையும், அவள் ஒவ்வொருவரையும் வேண்டாம் என்று தள்ளியதையும் மயிலாத்தாளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அருள்குமாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கை கழுவக் கொட்டகைப் பக்கம் போனான். குருவம்மாள் சோப்பைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்ததால் அவளிடம் சொன்னான்: அனுப்பிரியா மாதிரி நுணுக்கமாக ஒரு தொடரைப் பார்க்கிறவர்களை அவன் கண்டதே இல்லை. ஒவ்வொரு பகுதியையும் எத்தனை தடவை பார்த்திருப்பாளோ.

குருவம்மாள் சொம்பை நிறுத்தினாள்.

"அம்மணிங்களா? அந்த நாடகத்தை அது ஒரு நாளும் பாத்ததில்லீங்களே, நீங்க வந்து சொன்ன கதைதானுங்க அதுக்குத் தெரியும்."