ஃபேன் தொடைக்கக் கம்ப்ரசர் வச்ச கதை

அன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஹால்ல தொங்குத ஃபேனைத் தொடைக்கணும்.

சாயங்காலம் என் தங்கச்சி ராணியைப் பொண்ணு பாக்க எட்டயபுரத்துல இருந்து வாராவ. "ஈரத்துணி வச்சு ஒரு இழுப்பு இழுங்க, போதும்"னா என் பொண்டாட்டி செல்வி.

துணியால தொடைக்க நான் என்ன சாதாரண ஆளா?

கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுதவன்தான். ஆனா வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகையில சொந்தமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். அதுல புதுசா வாங்கிப்போட்ட பழைய காத்து கம்ப்ரசர் இருக்கு. அதுக்குக் குடுக்கத்தான் ஒரு வேலையும் இல்ல.

அதை வித்த பஞ்சர்கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு: "அண்ணாச்சி, ஓஸ் கிளிப்பை நல்லா இறுக்குங்க. காத்தைக் கொறச்சு வைங்க. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க."

"எல்லாம் தெரியும்"னுட்டேன்.

கண்ணாடி போட்டேன். கூலிங் கிளாஸ். வீட்டுக்குள்ள ஒண்ணும் தெரியல. காத்தை மீட்டர் முள்ளு சிவப்புக் கோட்டைத் தொடுத வரைக்கும் ஏத்தினேன். கொறச்சு வச்சா தூசிக்குப் பயம் வராதுல்லா. கிளிப்பைக் கையாலயே திருகிக்கிட்டேன்.

ஓஸை ஹாலுக்கு இழுத்துட்டு வந்து, ஸ்டூல்ல ஏறி நின்னு, நுனியில மாட்டியிருந்த விசையை அமுக்கினேன்.

விசையை விட்டு ஓஸ் கழண்டுது. சுவத்துல ஒரு அடி, என் முழங்கால்ல ஒரு அடி போட்டுட்டுத் தரையில விழுந்து ஆட ஆரம்பிச்சுது. தரையில செல்வி பேப்பர் விரிச்சு, மில்லுல அரைச்ச மிளகாப்பொடியைச் சூடாறப் போட்டிருந்தா. விளாத்திகுளம் வத்தல்.

ஹாலே செவந்துபோச்சு.

ராணி ஓடிப்போயி சுவிட்சை அணைச்சா. காத்து நிக்கல. டேங்க்ல இருக்கது தீருத வரைக்கும் அடிக்குமாம். வால்வை மூடணுமாம். ஸ்டூல்ல இருந்து விழுந்து கிடக்கும்போதுதான் அது எனக்கு விளங்குச்சு.

மூணு பேரும் வாசல்ல நின்னு கண்ணீரும் கம்பலையுமா இருமுதோம். அந்நேரம் பாத்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்னுது. செல்போன் இல்லாத காலம். சாயங்காலத்துக்கு முன்னயே வாரோம்னு அவியளுக்குச் சொல்ல வழியில்ல.

மாப்பிள்ளையோட அம்மா எங்களைப் பாத்துப் பதறிப்போயி, "துக்க வீடா?"ன்னாவ.

இல்லன்னு சொல்ல வாயைத் தெறந்தேன். இருமல்தான் வந்துச்சு. இருமுத இருமலுல தலை மேலயும் கீழயும் ஆடிச்சு. ஆமான்னு நெனச்சு அவிய வேனுக்குத் திரும்பிட்டாவ.

ராணிக்கு ஏற்கனவே ரெண்டு எடம் தட்டிப்போயிருக்கு.

செல்விதான் பின்னாலயே ஓடினா. "யம்மா, துக்கமெல்லாம் இல்ல. எங்க வீட்டுக்காரரு ஃபேன் தொடைச்சாரு."

அவியளுக்குப் புரியல. புரியட்டும்னு மாப்பிள்ளை ஹாலுக்குள்ள தலையை விட்டாரு. அம்புட்டுதான். அடுக்கடுக்கா தும்மல். கண்ணு தெரியாம வெளிய வந்தவருக்கு ராணிதான் குழாயடியில தண்ணி மோந்து ஊத்தினா. முகத்தைக் கழுவிட்டு நிமிந்து, "உங்களுக்கும் எரியுதா?"ன்னு கேட்டாரு. "ரொம்ப"ன்னு சொல்லிச் சிரிச்சா.

காப்பியும் கேசரியும் முற்றத்துலயே நடந்துச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டே சம்மதம் சொன்னாவ.

கெளம்பும்போது மாப்பிள்ளையோட அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. என்ன கேக்கப் போறாரோன்னு பயந்துக்கிட்டே போனேன்.

"எங்களுக்கு எதும் வேண்டாம்"னாரு. "சீர்ல அந்த மிஷினை மட்டும் வச்சிராதீங்க."