மூன்றாம் நாள் மாத்திரை

காய்ச்சல் விட்டவுடன் மருந்தை நிறுத்திவிட்டு மீதியைப் பத்திரப்படுத்தும் மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் உலகம் முழுக்க உண்டு. இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் மிச்சக்காரர். கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். மிச்சக்காரர் வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போடுவார், ஊர் வேலைக்கு முதல் ஆளாக நிற்பார், கேட்டால் போட்டிருக்கும் சட்டையைக்கூடக் கழற்றிக் கொடுப்பார். ஆனால் டாக்டர் பன்னிரண்டு மாத்திரை கொடுத்தால் பன்னிரண்டையும் விழுங்குவது மட்டும் அவரைப் பொறுத்தவரை விவரம் கெட்ட வேலை. நாலிலேயே குணமானவன் மற்ற எட்டையும் எதற்கு வயிற்றுக்குள் கொட்ட வேண்டும்? டாக்டருக்கு என்ன, பன்னிரண்டு என்று சொல்லிப் பழகிவிட்டார். உடம்பு யாருடையது?

இந்த இனத்தின் முழு வளர்ச்சி அடைந்த மாதிரியைப் பார்க்க வேண்டுமென்றால், கம்போடியாவின் மேற்குக் கோடியில், மரவள்ளித் தோட்டமும் காடும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும் எங்கள் ஊருக்கு வாருங்கள். நெம் சரூன் வீடு எது என்று கேட்டால் ஆள் விழிப்பான். ஆச்சார் வீடு என்று கேளுங்கள். விகாரையில் எந்தச் சடங்கானாலும் முன்வரிசையில் உட்கார்ந்து நடத்தி வைப்பவர் அவர்தான். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதும், மணமக்கள் கையில் நூல் கட்டுவதும், செத்தவரை வழியனுப்புவதும் அவர்தான். அப்பேர்ப்பட்டவரின் கட்டிலுக்கு அடியில் ஒரு நீல பிஸ்கட் டப்பா இருந்தது. எங்கள் ஊரின் பதினைந்து வருட மலேரியா அதற்குள் அடக்கம். மஞ்சள் மாத்திரை, வெள்ளை மாத்திரை, ரோஸ் மாத்திரை, சந்தைக் கடைக்காரி பொட்டலத்தில் கலந்து கட்டிக்கொடுத்த பெயர் தெரியாத ஊதா மாத்திரை. எல்லாமே பாதிப் பாதி.

ஊரில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் முதுகைக் காசால் சிவக்கச் சிவக்கச் சுரண்டிக் காற்றை வெளியேற்றுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆச்சார் வீட்டுப் படியேறுவார்கள். அவர் டப்பாவைத் திறந்து, வந்தவனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்து, நிறத்தைத் தேர்ந்தெடுப்பார்.

"உனக்கு மஞ்சள்தான் ஒத்துக்கும்."

"எத்தன நாளைக்குங்க மாமா?"

"காச்ச நிக்கற வரைக்கும். நின்னதும் மிச்சத்தக் கொண்டாந்து குடுத்துடு."

இப்படி ஊரே ஒரு டப்பாவில் பிழைத்துக்கொண்டிருந்தபோதுதான் அரசாங்கம் கொடுத்துக்கொண்டிருந்த மருந்து எங்களிடம் தோற்றுப்போனது. காய்ச்சல் போனவன் அடுத்த மாதமே மறுபடி நடுங்கிக்கொண்டு வந்தான். மருந்து ஏன் தோற்றது என்று தலைநகரில் பெரிய பெரிய கூட்டங்கள் நடந்தன. எங்கள் ஊரில் யாரும் கூட்டம் போடவில்லை. டப்பாவில் இன்னொரு நிறம் சேர்ந்தது, அவ்வளவுதான்.

பிறகு தலைநகர் நாம்பென்னிலிருந்து டாக்டர் விரியாக் ஒரு புது மருந்தோடு வந்தார். இரண்டு மருந்தை ஒன்றாகக் கோத்தது. எங்கள் ஊரில் காய்ச்சல் கண்ட முப்பது பேரிடம் சோதித்துப் பார்ப்பது, வெற்றி என்றால் மாவட்டம் முழுக்கக் கொடுப்பது என்று ஏற்பாடு. மலேரியா வேலை பார்க்கும் கொலாப் என்ற பெண், ஒவ்வொருவர் விரல் நுனியிலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டே விளக்கினாள்.

"ஒரு மருந்து கிருமிய அடிச்சுப் போடும். இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கறதத் தேடிப் பிடிக்கும். அதுக்கு மூணு நாளு வேணும், நாளுக்கு நாலு மாத்திர. ரெண்டாவது நாளு விட்டுட்டா, ஒளிஞ்சிருந்தது தெம்பாயிடும். அடுத்த தடவ இந்த மருந்துக்கு அசையாது."

ஆச்சார் பெருந்தன்மையோடு தலையாட்டினார். அவருக்கும் அப்போது காய்ச்சல். முதல் நாள் அவர் மாத்திரையை மட்டுமல்ல, கொடுத்த கையையும் சேர்த்து விழுங்கியிருப்பார். அப்படி ஒரு குளிர்.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிராஹொக் கருவாட்டு விழுதைத் தொட்டுக்கொண்டு இரண்டு தட்டுச் சோறு இறங்கியது. மிச்சக்காரர் விழித்துக்கொண்டார்.

சோதனையில் ஒரு விதி இருந்தது. மாத்திரையைக் கொலாப்பின் கண்ணெதிரில் விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். பிறகு வாந்தி எடுக்கவில்லை என்று தெரியும்வரை ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். கொலாப் எல்லோருடைய நாக்கையும் பார்த்தாள். ஆனால் ஆச்சாரிடம் போய் யார் வாயைத் திறக்கச் சொல்வது? அவளுடைய கல்யாணத்தில் கையில் நூல் கட்டியவர். எங்கள் பக்கத்தில் பெரியவர்களின் தலைக்கு மேல் கையைக்கூடக் கொண்டுபோக மாட்டோம். கொலாப் மரியாதையாக நோட்டைப் பார்த்தாள். ஆச்சார் மரியாதையாகக் கட்டம் போட்ட துண்டால் வாயைத் துடைத்தார். 'விழுங்கினார்' என்று அவள் எழுதியபோது நாலு மாத்திரையும் துண்டின் மடிப்பில் இருந்தன. மூன்றாம் நாளும் அதே மரியாதை, அதே துண்டு.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் துண்டின் வேலையைப் பார்த்துவிட்டார்கள். ஆச்சார் செய்தால் அது சரியாகத்தானே இருக்கும்? அவர்களிடமும் துண்டு இருந்தது. கொலாப் நாக்கைத்தான் பார்த்தாள், கன்னத்தின் உள்பக்கத்தை யார் பார்த்தார்கள்?

நாலு வாரம் கழித்து அந்த மூன்று பேருடைய ரத்தத்திலும் கிருமி திரும்பி வந்திருந்தது. டாக்டர் விரியாக் செம்மண் சேற்றில் வண்டி புதைய நேராக ஆச்சார் வீட்டுக்கு வந்தார். கொலாப்பும் கூட வந்தாள். அன்று காலைதான் ஆச்சாரின் மனைவி போவ்வுக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. கொலாப் விரலில் குத்திப் பார்த்தாள். மலேரியாதான்.

"ஆச்சார் ஐயா, மூணு நாளும் மாத்திரைய முழுசா சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் பணிவாகக் கேட்டார்.

"வாயில போட்டதக் கொலாப்பே பக்கத்துல நின்னு பாத்தா. கேட்டுக்குங்க."

கொலாப் தரையைப் பார்த்தாள்.

"வாந்தி ஏதும் எடுத்தீங்களா?"

"சேச்சே, ஒரு பொட்டு இல்ல." இது முழு உண்மை. "எனக்கு ரத்தம் கொஞ்சம் கெட்டி, டாக்டர். எந்த மருந்தும் உள்ள போக யோசிக்கும்."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"அப்ப மருந்துதான் தோத்துப் போச்சு. முப்பது பேருல மூணு பேருன்னா விளையாட்டு இல்ல. காரணம் தெரியற வரைக்கும் புதுசா யாருக்கும் இதக் குடுக்கக் கூடாது. உங்க வீட்டம்மாவுக்கும் பழைய மருந்துதான்."

பழைய மருந்தை நம்பித்தான் போவ் போன வருடம் இரண்டு முறை விழுந்தாள். இரண்டாம் முறை அவளை வண்டியில் போட்டு மாகாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. இதெல்லாம் ஆச்சாருக்கு நினைவுக்கு வந்தது. என்ன டப்பாக்காரர் என்றாலும் முப்பது வருடம் கூட வாழ்ந்தவர். இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவளின் காதருகே குனிந்தார்.

"பயப்படாத. அந்தப் புது மருந்து நம்மகிட்ட இருக்கு. ரெண்டு நாளைக்கு."

"மூணு நாளைக்குல்ல சாப்பிடணும்?"

"மூணாவது நாளெல்லாம் சும்மா அவங்க சொல்றது."

போவ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, அந்தக் குளிரிலும் தெருமுனை வரை கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"டாக்டர் தம்பி, இங்க வாங்க. தோத்துப்போன உங்க மருந்து இவரு கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்கு."

நீல டப்பா வெளியே வந்தது. துண்டுக் கிழிசலில் சுற்றிய எட்டு மாத்திரை மேலாக இருந்தது. டாக்டர் அதை எடுத்து வைத்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். அடியில் கையை விட்டார். ரோஸ் வந்தது, வெள்ளை வந்தது, மஞ்சள் வந்தது. பதினைந்து வருடமாக எங்கள் மாவட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுப்போன மருந்துகள் வரிசை மாறாமல் வந்தன. இவை ஏன் தோற்றன என்று அவர் எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறாரோ! டப்பாவோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஊருக்கு ஆகுமேன்னுதான் வெச்சேன்," என்றார் ஆச்சார். அவர் குரல் முதன்முறையாகச் சின்னதாக இருந்தது.

கொலாப் பைக்குள் கையை விட்டுப் புதிதாக நாலு மாத்திரை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கி உங்க மரியாதைக்காக நான் நோட்டப் பாத்தேன் மாமா. இன்னிக்கி அப்படி இல்ல. முழுங்குங்க. வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க."

ஆச்சார் தூக்கினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏணிப்படியில் நின்று பார்த்தார்கள்.

செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? சாயங்காலத்துக்குள் பெஞ்சில் இருந்த அந்த இரண்டு பேரும் தாங்களாகவே வந்து, துண்டு முடிச்சை அவிழ்த்து, மாத்திரைகளைக் கொலாப்பின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். டாக்டர் மூன்று பேர் பெயரையும் கணக்கிலிருந்து அடித்தார். சோதனை தொடர்ந்தது. போவ்வுக்குப் புது மருந்தே கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை அவள் எழுந்து, மீன் ஆய்ந்து உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டுக் கடைசி நாலு மாத்திரையை உள்ளங்கையில் எடுத்தாள். ஆச்சார் அந்தக் கையையே பார்த்தார். வாய் சும்மா இருக்குமா?

"இன்னிக்கி நல்லாத்தான் இருக்க, இல்ல?"

போவ் நாலையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு அவர் முகத்துக்கு நேராக வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினாள்.

டப்பாவைக் கொலாப் காலி செய்து திருப்பிக் கொடுத்துவிட்டாள். போன வாரம் நான் போனபோது அது பழைய இடத்திலேயே இருந்தது. காலால் இடறினேன், உள்ளே ஏதோ கலகலத்தது. பல்வலி மாத்திரையாம்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில், அல்லது டிவிக்குக் கீழே உள்ள டிராயரில், ஐந்து நாளைக்கு எழுதிக்கொடுத்து மூன்றாம் நாளே நிறுத்திய ஒரு மாத்திரை அட்டை கிடக்கிறதே, அதில் மீதி எத்தனை? என்னிடம் சொல்ல வேண்டாம். என் அலமாரியில் நாலு இருக்கிறது.