திரையில் ஒரே ஒரு 'பி'

திரையில் மறுபடியும் அந்த ஒரே ஒரு 'பி' வந்து நின்றது.

டுவைட் அதையே வெறித்துக்கொண்டு மேடையில் நின்றார். கல்லூரி அரங்கில் நூற்றெண்பது மாணவர்கள். எல்லார் கையிலும் பதில் அமுக்க ஒரு கிளிக்கர். அவர் கேட்டது சின்னக் கேள்வி. வேதியியலில் மோல் என்றால் என்னவென்று புரிந்திருந்தால் 'ஏ', புரியாவிட்டால் 'பி'. அமுக்கினால் எண்ணிக்கை மட்டும் திரையில் வரும், பேர் வராது. பேர் தெரியாவிட்டால்தான் கூச்சப்படுகிறவனும் உண்மையைச் சொல்வான் என்பது டுவைட்டின் நம்பிக்கை.

முதல் நாளே இன்னொன்றையும் அவர் சொல்லித் தொலைத்திருந்தார்.

"கடைசி ஆளுக்கும் புரியாம அடுத்த பாடத்துக்குப் போக மாட்டேன். நடத்தாத பாடத்துலேருந்து பரீட்சையில கேள்வியும் வராது."

மூன்றாவது பாடம் தொடங்கி ஆறு வாரம் ஆகிவிட்டது. பக்கத்து வகுப்பு ஏழாவது பாடத்தில் இருந்தது. டுவைட் இன்னும் மூன்றிலேயே இருந்தார்.

"ஒருத்தனுக்குப் புரியலன்னா அவன் தலையெழுத்து. விட்டுட்டுப் போய்யா," என்றார் அவரோடு அறையைப் பகிர்ந்துகொண்ட மெர்வ்.

"வாக்கு குடுத்துட்டேனே."

"வியாழக்கிழமை டீன் வந்து உன் வகுப்புல உக்காரப் போறாங்க. கிளிக்கர் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கினவன் நீ. ஆறு வாரமா ஒரே பாடம்னு தெரிஞ்சா, அடுத்த வருஷம் எங்க மாமா கோழிப்பண்ணையில உனக்கு வேலை கேட்டுப் பாக்கறேன்."

டுவைட்டின் வேலை வருடத்துக்கு வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து ஓடுவது. சிரிப்பு வரவில்லை.

மறுநாள் முட்டைகளோடு வகுப்புக்குப் போனார். டஜன் என்பது எப்படி ஓர் எண்ணிக்கையோ அப்படித்தான் மோலும், என்ன, அது பூதாகரமான எண்ணிக்கை என்று விளக்கினார். ஒரு 'பி'.

அடுத்த வகுப்புக்கு டோனட் வாங்கிப் போனார். விளக்கினார். மாணவர்கள் தின்றார்கள். ஒரு 'பி'.

"அந்த ஒருத்தர் தனியா என் அறைக்கு வரலாம். பேர் கேக்க மாட்டேன். டோனட் மிச்சமிருக்கு," என்றார்.

பதினோரு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் தான்தான் அந்த ஒருவர் என்றார். பதினோரு தடவை விளக்கினார். அடுத்த வகுப்பில் திரையைப் பார்த்தார். ஒரு 'பி'.

"பாவம் ப்ரொஃபசர், யாரோ ரொம்பக் கஷ்டப்படுறான். கைவிட்டுடாதீங்க," என்றான் முன்வரிசையில் உட்காரும் கோல்பி. தொப்பியைக் கழற்றாத தடியன். அவன் பக்கத்தில் மாரன் என்ற பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகிறாள் என்று டுவைட் நினைத்தார்.

வியாழக்கிழமை அரைமூட்டைச் சோளத்தைச் சுமந்துகொண்டு வந்த டுவைட்டை மாரன் வாசலில் நிறுத்தினாள்.

"இன்னிக்கு சரியா நடக்கலைன்னா உங்க வேலை போயிடுமாமே? மெர்வ் சொன்னாரு."

"அவனுக்கு வாய் சும்மா இருக்காது."

"நிஜமா, இல்லையா?"

"நிஜம்தான்."

மாரன் உள்ளே ஓடினாள். முன்வரிசையில் குசுகுசு பேச்சு எழுந்து பின்வரிசை வரை போனது.

டீன் ஹால்வர்சன் பின்னால் தனியாக உட்கார்ந்தார். வயதான, விறைப்பான அம்மாள். மரியாதைக்கு டுவைட் அவரிடமும் ஒரு கிளிக்கரை நீட்டினார்.

"எனக்கெதுக்கு டுவைட்? நான் சரித்திரம் படிச்சவ."

"சும்மா அமுக்கிப் பாருங்க, டீன்."

இன்று எத்தனை 'பி' வந்தாலும் கண்டுகொள்ளாமல் நான்காவது பாடத்துக்குப் போய்விடுவது என்று டுவைட் முடிவு செய்திருந்தார். மோலை வேகமாக ஒருமுறை சொல்லிவிட்டுக் கேள்வியைப் போட்டார்.

ஒரு 'பி'.

அரங்கில் சலசலப்பு. கோல்பி எழுந்தே நின்று பின்வரிசைகளை முறைத்தான். டுவைட் கையிலிருந்த ரிமோட்டில் அடுத்த பாடத்துக்கான பொத்தானில் விரலை வைத்தார். விரல் அசைய மறுத்தது. கோழிப்பண்ணை கண்முன் வந்தது. அப்படியும் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார்.

"ஒரு டஜன் சோளமணியும் டஜன்தான், ஒரு டஜன் டிராக்டரும் டஜன்தான். எண்ணிக்கை ஒண்ணு, எடைதான் வேற. மோலும் அவ்வளவுதான். எதை எண்ணினாலும்—"

டீனின் பக்கத்தில் மூட்டை பிரிந்தது. சோளம் படிப்படியாகக் கொட்டி மேடைவரை ஓடியது. அதை மிதித்த டுவைட்டும் நாலு படி சறுக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே மறுபடி கேள்வியைப் போட்டார்.

எல்லாம் 'ஏ'. ஆறு வாரத்தில் முதல் தடவை.

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் தட்டவில்லை. நான்காவது பாடம் தொடங்கியபோது அரங்கம் சாவு வீடு மாதிரி இருந்தது.

வகுப்பு முடிந்ததும் டீன் சோளத்தை மிதிக்காமல் ஜாக்கிரதையாக இறங்கி வந்தார்.

"எத்தனையோ வகுப்புல போய் உக்காந்திருக்கேன். ஒருத்தருக்குப் புரியலன்னு பாடத்தையே நிறுத்தின ஆளை இப்பதான் பாக்கறேன். அடுத்த வருஷமும் நீங்க இருக்கீங்க."

டீன் கிளிக்கரைத் திருப்பிக் கொடுத்தார். உடனே போகவில்லை.

"இதுல... நிஜமாவே பேர் தெரியாதுல்ல?"

"தெரியாது, டீன்."

"நல்லது," என்று விறைப்பாகப் போய்விட்டார்.

டுவைட் மண்டியிட்டுச் சோளம் பொறுக்கத் தொடங்கினார். வெளியே கோல்பியின் குரல் கதவைத் தாண்டிக் கேட்டது.

"ஆறு வாரமா ஆளுக்கொரு நாள் முறை வச்சு 'பி' அமுக்கிப் பாடத்தை நிறுத்தி வச்சிருந்தோம், பாவம், மனுஷன் வேலை போயிடுமேன்னு இன்னிக்கு ஒருநாள் விட்டுக்குடுத்தா, நிஜமாவே புரியாத எவனோ ஒருத்தன் நடுவுல பூந்து அமுக்கியிருக்கான் பாரு!"