இடிவிழுங்கியாரும் நாய்க் காதுகளும்

இடியையே விழுங்கி ஏப்பம் விட்டவராம்! நாய்களின் பயத்தையும் மந்திரித்து ஓட்டுவாராம்! அப்பேர்ப்பட்ட மகான் மலாயாவின் கம்போங் ராஜா ஊர்ப் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயத்துக்கு எழுந்தருளியிருக்கும்போது யாருக்கு வேலை ஓடும்? ஜப்பான்காரன் வந்த பிறகு அரிசியைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. ஆனால் சாமியாருக்குக் கொடுக்கக் கோழி மட்டும் எங்கிருந்தோ முளைத்துவிட்டது. ஆளுக்கொரு கோழி, ஆளுக்கொரு நாய் என்று கோவில் வாசலில் ஒரே தள்ளுமுள்ளு.

தங்கையாவும் நின்றான். கையில் அவனுடைய கடைசி முட்டைக்கோழி, காலடியில் அவன் நாய் வீரன். பெயரில்தான் வீரன். தேயிலையைப் பிடுங்கிவிட்டு நட்ட மரவள்ளிதான் இப்போது தங்கையா குடும்பத்துக்குச் சோறு. காட்டுப்பன்றி வந்தால் குரைத்துச் சொல்லவேண்டியது வீரனின் வேலை. ஆனால் பன்றியை விரட்டத் தங்கையா தகரத்தைத் தட்டினால் போதும், பன்றிக்கு முன்னால் ஓடுவது வீரன்தான். பிறகு கட்டிலடியில் கிடந்து நடுங்கும், தோட்டத்துப் பக்கமே வராது. அதைத் தடவிக்கொடுத்தபடி தங்கையா மிச்சக் கிழங்கை எண்ணுவான். கிழங்கு போய்விட்டால் அடுப்பில் பூனை தூங்கவேண்டியதுதான்.

“செத்தவன் ஆவி நாய்க் காதுல உக்காந்து பயமுறுத்துது. எல்லாரும் கண்ண மூடுங்க! எவன் பாக்குறானோ அவன் காதுக்குத் தாவிடும்!” என்றார் இடிவிழுங்கியார்.

மூடினார்கள். அடடா, என்ன ஒற்றுமை! கூலி உயர்வு கேட்க ஒன்றுசேராத லயம், கண்ணை மூட ஒன்றுசேர்ந்தது. சாமியார் வீரனின் காதில் ஏதோ முணுமுணுத்து விபூதி பூசினார். பிறகு எல்லாரையும் கண்ணைத் திறக்கச் சொல்லிவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் தகரத்தைத் தட்டினார். டமார்! வீரன் அசையவில்லை. கொட்டாவி விட்டது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கோழி கூடைக்குள் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் பன்றிகள் வந்தன, தோண்டின, தின்றன, போயின. வீரன் பாத்தி ஓரத்தில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

தங்கையா சாமியாரிடம் ஓடினான்.

“மகனே, உன் நாய்க்கு இப்ப பன்றியக் கண்டாலே பயமில்ல. பயமில்லாதவன் எதுக்குக் குரைக்கணும்?”

தங்கையா தலையாட்டினான். ஆமாம், இதற்கும் ஆட்டினான்!

அவன் மனைவி மணியம்மாவின் தலை மட்டும் ஆடவில்லை. “போனது பயமா, காதா? பாத்துடலாம்லா, சாமி.”

மந்திரித்த நாய்களையெல்லாம் சுவரைப் பார்த்து உட்காரவைத்தாள். தூரத்தில் பின்னால் நின்று, நாய்களுக்குத் தீனி வைக்கும் தட்டைத் தட்டி, “தோ... தோ...” என்று கூப்பிட்டாள். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

“பயம் போச்சு, சரி. பசியுமா போச்சு?”

கூட்டம் விழித்தது. மணியம்மா வீரனின் காதுக்குள் விரலை விட்டு நோண்டினாள். விபூதி பூசிய தேன்மெழுகு உருண்டை வந்தது. மறு காதிலும் ஒன்று! மறுபடி தட்டைத் தட்டியதும் வீரன் பாய்ந்து வந்தது. தங்கையா அதைக் கட்டிக்கொண்டு, “உன்னையச் செவிடாக்கிட்டேனேடா!” என்று அழுதுவிட்டான்.

சாமியார் மெல்ல நழுவினார். மணியம்மா அவர் முதுகுக்குப் பின்னால் தகரத்தை ஓங்கித் தட்டினாள். இடியை விழுங்கியவர் “ஐயோ அம்மா!” என்று அலறிக் கோழிக்கூடைமேலேயே விழுந்தார். கூடை உடைந்தது. கோழிகள் ஒரு பக்கம், சாமியார் ஒரு பக்கம்! லயம் சிரித்தபடி கோழிகளைத்தான் துரத்தியது.

அன்றிலிருந்து வீரன் சாப்பிடும்போதெல்லாம் மணியம்மா தூரத்தில் நின்று தகரத்தை மெதுவாகத் தட்டினாள். அது நடுங்கினால் இன்னும் தள்ளிப் போவாள். நடுங்காவிட்டால் மறுநாள் ஒரு அடி கிட்டே வருவாள். அவசரப்படவில்லை. அடுத்த தடவை பன்றி வந்தபோது தகரமும் முழங்கியது, வீரனும் நின்று குரைத்தது. கிழங்கு தப்பியது.

“என்ன மந்திரம்லா போட்ட?” என்று லயத்தார் வாய்பிளந்து கேட்டார்கள்.

மணியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மறுபடியும் மந்திரமா? கொஞ்சமாச்சும் யோசிங்கய்யா! நாய்க் காத அடைக்க அந்த ஆளுக்கு மெழுகு தேவப்பட்டுச்சு. உங்க மூளைய அடைக்க அந்தச் செலவுகூட ஆகலையே!”