கச்சேரி சாலை நொப்ளிப் போர்

வாழ்க நஸ்ருன்னிசா. மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பின்சந்தில் இரண்டாம் மாடியை ஆள்பவளும், இருநூற்றுச் சொச்சம் எழுத்தட்டைகளைப் பிஸ்கட் டப்பாவில் அடக்கி வைத்திருப்பவளும், முழங்கால் வலியைப் பகைவர் அறியாமல் மறைக்க வல்லவளுமான அந்த மூக்குக்கண்ணாடி வீராங்கனையை விட்டுவிட்டு வேறு யாரைப் பாடுவது? எழுத்துகளுக்கெல்லாம் முன்னே நடக்கும் அகரமே, வந்து இக்கதைக்குத் துணை நில். அன்றைய போரில் அவள் கையில் நீகூட இல்லை.

இருந்தது நொகரம். எந்தச் சொல்லோடும் எளிதில் ஒட்டாத, வைத்தவருக்குப் பத்துப் புள்ளியும் வைக்க முடியாதவருக்குப் பெரும் பழியும் தருகிற அந்த அட்டையை ஏந்தி, முற்றுகையிடப்பட்ட கோட்டையின் கடைசி வேல்வீரனைப் போல அவள் முக்கால் மணி நேரம் காத்திருந்தாள்.

எதிரே வீற்றிருந்தவள் எதிர்வீட்டுப் பங்கஜம் மாமி. தொலைபேசி இலாகாவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஊரார் குரலையெல்லாம் இணைத்தும் துண்டித்தும் ஓய்வு பெற்றவள். யார் சொன்னது, எங்கே கேட்டது என்று விசாரிக்காமல் ஒரு சொல்லையும் பலகைக்குள் நுழையவிடாத வாயிற்காவலி. இடது கையில் காப்பி டம்ளரைக் கேடயமாகப் பிடித்திருந்தாள்.

எழுத்துகளைக் கோத்துச் சொல் அமைக்கும் அந்த ஆட்டத்தின் பலகையும் அட்டைகளும் நஸ்ருன்னிசாவின் கணவன் ஹஸன் செய்தவை. படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவன். சென்ற மழைக்காலத்தில் காலமாகிவிட்டான். தடித்த அகராதி ஒன்றும் முதலில் களத்தில் இருந்தது. இவன் ‘பேஜார்’ வைத்தாலும் சண்டை, மாமி ரசத்தைச் ‘சாத்தமுது’ என்று வைத்தாலும் சண்டை என்றானபோது அகராதி நாடு கடத்தப்பட்டு, இஸ்திரி மேசையின் ஆடும் காலுக்கு முட்டுக்கொடுக்கப் போயிற்று. பிறகு ஹஸன் புதுச் சட்டம் இயற்றினான். ஒரு சொல் செல்ல வேண்டுமானால் உயிரோடு இருக்கும் இரண்டு வாய்கள் அதைச் சொல்ல வேண்டும். ஒன்று, வைத்தவர் வாய். மற்றதை ஐயப்பட்டவரே தேடிப் போய்க் கேட்க வேண்டும். கேட்கும்போது சொல்லை உச்சரிக்கக் கூடாது. பொருளைக் காட்டினால் பெயர் தானாக வந்து விழ வேண்டும். மூவரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வானம் கிடுகிடுக்கவில்லை, மாடமாளிகைகள் ஆடவில்லை, மாமியின் காப்பியில் மட்டும் லேசாக ஆடை படிந்தது. அவ்வேளையில் நஸ்ருன்னிசா மூன்று அட்டைகளை ஒவ்வொன்றாகப் பலகையில் இறக்கினாள். நொ. ப். ளி.

நொப்ளி என்பது மீன்கூடையின் அடியில் மிஞ்சுவது. வஞ்சிரமும் வவ்வாலும் விலைபோன பிறகு, நாலு நெத்திலி, இரண்டு எறா, கால் உடைந்த நண்டு என்று இனம் கலந்து கிடக்கும் பொடிக்கூட்டம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தூறலில், வாசல் கேட்டருகே குடையைப் பிடித்தபடி மீன்காரி முத்தம்மாவின் கூடைக்குள் எட்டிப்பார்த்து, சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லி ஹஸன் அதற்குப் பெயரிட்டான். அன்றுமுதல் அந்த வீட்டில் அது நொப்ளி. அவள் வைத்தால் அவன் வாய் சாட்சி, அவன் வைத்தால் அவள் வாய்.

மாமி டம்ளரைக் கீழே வைத்தாள். போர்முரசு அறைபவள் குரலில் அல்ல, மெதுவாகத்தான் சொன்னாள்.

“கோச்சுக்காதே நஸ்ரு. இதை உங்காத்துல நீங்க ரெண்டு பேர்தான் சொல்லிண்டிருந்தேள். இப்போ நீ ஒருத்திதானே.”

ஆயிரம் அம்புகள் ஒரே நாணிலிருந்து புறப்பட்டது போலிருந்தது. சட்டப்படி மாமி சொன்னது சரி. கடையைக் கைமாற்றியாயிற்று, சட்டைகளைக் கொடுத்தாயிற்று, மூக்குக்கண்ணாடிகூட யாருக்கோ உதவும் என்று போயிற்று. அவன் தன் வாயால் உண்டாக்கிய ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் இன்று பலகையிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டுவிட்டால், பிறகு அதை அவள் தனியாகச் சமையலறையில்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

“முத்தம்மா வர்ற நேரம்தான் மாமி. நீங்களே கீழ வந்து கேளுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்.”

நாற்பது ஆண்டுகளாக அந்த மீன்கூடை சந்துக்குள் நுழைந்தால் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தவள் மாமி. ஆயினும் கையெழுத்திட்ட சட்டம் கையெழுத்திட்ட சட்டம். முந்தானையை எடுத்து மூக்கில் கவசமாக்கி, முப்பத்தாறு படிகளையும் மலையிறங்கும் சேனாபதி போல இறங்கினாள். பின்னே, உதட்டை இறுக்கி, முழங்காலைப் பிடித்தபடி நஸ்ருன்னிசா. யானைப்படை முன்னே வரத் தேர்ப்படை பின்னே வருவது போல, முதலில் வாடையும் அதன் பின்னே நொச்சிக்குப்பத்து முத்தம்மாவும் சந்துக்குள் பிரவேசித்தார்கள்.

“இன்னா மாமி, வழி மாறி வந்துட்ட?” என்றபடி முத்தம்மா கூடையை இறக்கினாள்.

மாமி கூடையின் அடியை நோக்கி விரலை ஈட்டியாக நீட்டி, இது என்ன என்றாள். நெத்திலி என்றாள் முத்தம்மா. இது? காரப்பொடி. இது? எறா. நஸ்ருன்னிசாவின் நெஞ்சில் அந்த மூன்று பெயர்களும் மூன்று ஈட்டிகளாக இறங்கின.

“பரீட்சை வெக்கிறியா மாமி?”

வழக்கு அங்கேயே முடிந்திருக்கலாம். திரும்பிப் படியேறியிருந்தால் மாமியைக் குற்றம் சொல்ல எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அவள் ஒருமுறை நஸ்ருன்னிசாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உலகம் இதுவரை கண்டிராத வீரச்செயல் ஒன்றைச் செய்தாள்: மூக்கிலிருந்து முந்தானையை எடுத்து, முழு மூச்சை உள்ளே இழுத்து, இரண்டு கைகளாலும் அந்தக் குவியலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

“தனித்தனியா கேக்கலை. எல்லாம் கலந்து கெடக்கே, இந்த மொத்தத்துக்கு என்ன பேர்?”

முத்தம்மா அவளை இரக்கத்தோடு பார்த்தாள்.

“அதுவா? நொப்ளி. இதுகூடத் தெரியாதா உனுக்கு? இந்தச் சந்து பூரா நொப்ளின்னு கேட்டுத்தான் வாங்கிக்கினு கீறாங்க. எங்க குப்பத்துல பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து கீற பேராச்சே.”

இது இவர் வெச்ச பேர் முத்தம்மா, என்று நஸ்ருன்னிசாவின் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டாள். பாட்டன் பூட்டன் கிடைத்துவிட்ட சொல்லுக்கு இனி அவள் காவல் நிற்க வேண்டியதில்லை. சங்குகள் முழங்கின, அதாவது முதல் மாடியில் யார் வீட்டிலோ குக்கர் மூன்று விசில் அடித்தது. பேரிகைகள் அதிர்ந்தன, அதாவது சந்து முனையில் ஓர் ஆட்டோ பின்வாங்க வழியில்லாமல் ஹாரனை அழுத்தியது. அந்த மங்கல முழக்கத்தினூடே இரண்டு பெருந்தேவியரும் கைப்பிடிச் சுவரைப் பற்றிப் படியேறினார்கள். மாமி தலைக்குக் குளித்துவிட்டு வரும்வரை போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. ஈரத் தலையில் துண்டோடு வந்தமர்ந்த அவளே தன் கைப்பட, நொப்ளி என்று எழுதிப் பக்கத்தில் புள்ளிகளைக் குறித்தாள்.

அந்த ஆட்டத்தில் மாமிதான் ஜெயித்தாள்.