சோக்கு மேடத்துக்கு நான் செய்த துரோகம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் கார்புரேட்டர் வைத்த எந்த வண்டியும் சோக்கு மேடத்துக்குத் தெரியாமல் ஒருமுறைகூட இருமியதில்லை. எங்கள் அலுவலகத்தில் தபால் செக்‌ஷன் அவருடையது. நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். வண்டியில் என்ன கோளாறு என்று யார் சொன்னாலும், "சோக்கைப் பாதி இழுத்துகினு ஓட்டிப் பாரு, அப்பறம் பேசலாம்" என்பார். அதனால் வந்த பெயர் இது.

பண்ருட்டியில் லாரிப் பட்டறை வைத்திருந்தவரின் மகள். ஐம்பது வயது, கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் கறுப்புப் பை. பைக்குள் சாப்பாட்டு டப்பா, ஜெபமாலை, பிளக் ஸ்பேனர், பழைய டூத் பிரஷ்.

ஒருநாள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நடு ரோட்டில் இறங்கிவிட்டார். பின்னால் வந்த பைக்கின் சத்தம் சரியில்லையாம். தன்னை அடிக்கத்தான் இந்தம்மா வருகிறது என்று பயந்த அந்த ஆள் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்துவிட்டார். "போறப்பவும் திக்குது பாரு, பாவம்" என்றாராம் மேடம். இன்னொரு நாள் ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். எதிரே வந்து கைகூப்பிய ஃபாதரிடம் இவர் சொன்னது: "சமாதானம் ஃபாதர். உங்க வண்டியில ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு."

இப்படிப்பட்டவரிடம் நானும் ஒருநாள் போய் நின்றேன். மெதுவாக ஓட்டினால் என் பைக் பசுமாடு. ஆக்ஸிலரேட்டரைச் சடாரென்று முறுக்கினால் மட்டும் 'பொக்' என்று மூச்சை நிறுத்திவிட்டு, யோசித்து, பிறகுதான் கிளம்பும். மந்தாரக்குப்பம் ரோட்டில் லாரியை முந்தும்போது அப்படி ஒரு யோசனையில் அது இறங்க, லாரி டிரைவர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். மெக்கானிக் பிளக்கை மாற்றினார், கேபிளை மாற்றினார். 'பொக்' மாறவில்லை.

சொல்லவே கூசுகிறது. ஒரு பெண்மணி என் வண்டியைக் கழற்றுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, குவார்ட்டர்ஸ் பின்பக்கம் வரச் சொன்னேன். மேடம் ஏன் என்று கேட்கவில்லை. வந்தார்.

"பாதி சோக்குல ஓட்டினியா தம்பி?"

"ஓட்டினேன் மேடம். அப்ப திணறல் இல்ல."

"சோக்கு இழுத்தா காத்து கம்மியாவும்ல? அப்ப பெட்ரோல் பத்தல, இல்லாட்டி காத்து மிஞ்சிப் போவுது."

கார்புரேட்டரையும் என்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாயின் மேல் சோப்புத் தண்ணீரை விட்டார். "இப்ப முறுக்கு" என்றார். முறுக்கினேன். நுரை சர்ரென்று உள்ளே போயிற்று.

"பாத்தியா? சும்மா இருக்கறப்ப வாய மூடிகினு கிடக்குது. முறுக்கினா என்ஜின் ஆடுது, வெடிப்பு தொறந்துகினு காத்தைக் குடிக்குது."

புது ரப்பர் மாட்டியதும் வண்டி சீறியது. மறுநாள் அலுவலகத்தில், "யார்கிட்ட காமிச்ச?" என்று கேட்டார்கள். "யார்கிட்ட காமிக்கணும்? நானே பார்த்தேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதோடு நிறுத்தாமல் ரப்பர், வெடிப்பு, சோப்பு நுரை என்று கால் மணி நேரம் விளக்கம் வேறு. இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து மேடம் கவருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் எங்கள் சூப்பரின்டென்டென்ட் என்னைக் கூப்பிட்டார். "என் வண்டியும் அதேதான்யா பண்ணுது. மூணு மணிக்கு மேல்பட்டாம்பாக்கம் போகணும், பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க. வீட்டுக்காரி ரெடியா நிக்கிறா. கொஞ்சம் பாரு."

ஆபீஸ் வண்டி ஸ்டாண்டில் ஆறு பேர் சுற்றி நிற்க, சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். நுரை அசையவே இல்லை. அந்த ரப்பரில் வெடிப்பு இல்லை! தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், அதுவும் போயிற்று. பதற்றத்தில் கார்புரேட்டரையே கழற்றினேன். ஒரு ஸ்பிரிங் எகிறி யாருடைய காலடியிலோ விழுந்தது. மணி இரண்டரை. நியூஸ் பேப்பரில் பரப்பி வைத்த சாமான்களில் எதற்கு எது என்று எனக்குத் தெரியவில்லை. சூப்பரின்டென்டென்ட் வாட்சைப் பார்த்தார். நான் பூமியைப் பார்த்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடம் வந்தார். இதோ, மானம் போகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார், நீங்க சொல்லிகினே இருங்க, நான் மாட்டறேன். தனியா எத்தனைதான் பார்ப்பீங்க?"

தம்பி என்று கூப்பிடுகிறவர் அன்று என்னை சார் என்றார். பெட்ரோல் வருகிற ஊசித் துளை வைத்த மெயின் ஜெட்டை எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்தார். "வெளிச்சம் வரல பாருங்க சார். மெதுவா போறப்ப சின்ன ஜெட்டு போதும். முறுக்கினா இதுலதானே பெட்ரோல் வரணும்? நீங்க சொன்ன மாதிரியே அடைப்புதான்." நான் சொன்னதே இல்லை. மெல்லிய செம்புக் கம்பியால் குத்தி, பிரஷால் தேய்த்து, ஊதி, இருபது நிமிடத்தில் மாட்டிவிட்டார். நடுநடுவே, "அடுத்து இந்த ஸ்பிரிங் தானுங்க சார்?" என்று கேட்பார். நான் தலையாட்டுவேன்.

வண்டி சீறிக்கொண்டு போனது. எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். "தேங்க்ஸ்" என்றுதான் வந்தது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சூப்பரின்டென்டென்ட் அறைக்குப் போய், "சார், அன்னிக்கு வண்டி பார்த்தது நான் இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

அவர் ஃபைலிலிருந்து நிமிரவில்லை. "தெரியும்யா. முழங்கை வரைக்கும் கிரீஸ் அந்தம்மாவுக்கு. உன் சட்டையில ஒரு புள்ளி இல்ல. ஆபீஸுக்கே தெரியும். அந்தம்மா மூஞ்சிக்காக எல்லாரும் சும்மா இருக்கோம்."

நேராகத் தபால் செக்‌ஷனுக்குப் போனேன். எல்லார் காதிலும் விழும்படி, "என்னை மன்னிச்சிடுங்க. என் வண்டியையும் நீங்கதான் சரி பண்ணீங்க. நான் பொய் சொன்னேன்" என்றேன்.

மேடம் கையிலிருந்த கவரைக் கீழே வைத்தார். "உட்காரு தம்பி. சாப்பிட்டியா?" என்று டப்பாவைத் திறந்து பாதிச் சோற்றை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

அந்தச் சோற்றைச் சாப்பிட்ட நாளிலிருந்து நான் அவரை மேடம் என்று கூப்பிடுவதில்லை. அக்கா என்கிறேன்.