பனிமலையில் உருண்ட அக்கா தம்பிக்கு எழுதுவது

திண்டிவனம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி விருத்தாசலத்துக்கு அக்கா அம்சவள்ளி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் முறை எனக்குத் தெரியும். ஆனால் இங்கு யாரும் நலமில்லை. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. என் மகள் புனிதாவுக்கு மூக்குத் தோல் உரிந்து கிடக்கிறது. உன் மாமா துரைக்கண்ணு மட்டும் கல்லு மாதிரி இருக்கிறார், அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. நீயும் மலர்விழியும் குழந்தைகளும் விழுப்புரத்தில் நன்றாகத்தான் இருப்பீர்கள். இருங்கள்.

நாங்கள் ஊர் திரும்பியதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும், "வண்டி ஓட்டிக்கினு இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து முழுவதும் படி.

பொங்கலுக்கு நீ வீட்டுக்கு வந்து, நான் வறுத்து வைத்த மல்லாட்டைக் கடலை எல்லாவற்றையும் தின்றுகொண்டே என்ன சொன்னாய்? "ரிட்டயர் ஆயி வூட்லயே குந்திக்கினு இருக்கியேக்கா. ஒரு வாட்டி பனிமலைய பாத்துட்டு வாங்க. பெரிய கம்பெனி கிம்பெனி இல்ல. ஒரு குடும்பமே நடத்தற எடம். நம்ம வீடு மாதிரி இருக்கும்." டிராவல்ஸ் கடை வைத்திருக்கிற தம்பி, அக்காவை ஏமாற்ற மாட்டான் என்று நம்பினேன். "கோயில் இருக்குதாடா?" என்று கேட்டேன். "பனின்னாலே சிவன்தானேக்கா!" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நம்பி, இரும்பை ஊர் சிவன் கோயிலில் வாங்கிய விபூதி, ஒரு டப்பா கற்பூரம், எனக்குப் பட்டுப்புடவை, உன் மாமாவுக்குப் பட்டு வேட்டி எல்லாம் எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன். திரும்புகிற வாரத்து ஞாயிற்றுக்கிழமை அச்சிறுபாக்கத்து மாப்பிள்ளை வீட்டார் புனிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் திரும்பிவிடலாமா என்று படித்துப் படித்துக் கேட்டேன். "வெள்ளிக்கிழமையே திண்டிவனத்துல இருப்பீங்க, நான் கேரண்டி" என்றாய். உன் கேரண்டியை இனிமேல் மலர்விழியும் நம்ப வேண்டாம்.

டெல்லிவரை ரயில், அப்புறம் விடிய விடிய பஸ், அப்புறம் மணாலியிலிருந்து ஒரு ஜீப். போய் இறங்கினால் கோயிலும் இல்லை, கோபுரமும் இல்லை. ஒரு மலைச்சரிவு, ஒரு தகரக் கொட்டகை, ஒரு பழைய டிராக்டர் இன்ஜின். அந்த இன்ஜின் ஒரு கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. ஜனங்கள் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கயிற்றைப் பிடித்து மேலே போகிறார்கள். மேலே போய் என்ன செய்கிறார்கள் என்று, கொஞ்சம் இந்தி தெரிந்த புனிதாவைக் கேட்டேன். சறுக்கிக்கொண்டு கீழே வருகிறார்களாம். கீழே வந்து? திரும்ப மேலே போகிறார்களாம். இதற்காக மூன்று நாள் பிரயாணம் செய்து வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

குடும்பமே நடத்துகிற இடம் என்று நீ சொன்னது மட்டும் சத்தியம். பேலி ராம் என்கிற வீட்டுக்காரர் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறார். அவர் மனைவி பிம்லா தேவி சமையலையும் கல்லாவையும் பார்த்துக்கொள்கிறாள். மகன் லோகேந்தர் சறுக்கக் கற்றுக்கொடுக்கிறான். வெயில் காலத்தில் அது உருளைக்கிழங்கு போடுகிற நிலமாம். இதைக் கேட்டதும் உன் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னா மூள பாரு அம்சா இந்த ஆளுக்கு! நம்ம மல்லாட்ட கொல்லையில எவனாவது காசு குடுத்து உருளுவானா?" என்று அந்த இன்ஜின் பக்கத்தில் போய் நின்றவர்தான். இவருக்கு இந்தி தெரியாது, அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது. டீசல், பெல்ட், பேரிங் என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நாளெல்லாம் பேசினார்கள். என்னிடம் இத்தனை வருடத்தில் அவ்வளவு பேசியதில்லை.

நம்ம வீடு மாதிரி என்றாயே, அதுவும் நடந்தது. மறுநாள் காலையில் பஞ்சாபிலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. பிம்லா தேவி என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிசைந்த மாவைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற நான், காசும் கட்டிவிட்டு, ஊர் பேர் தெரியாதவர்களுக்குச் சப்பாத்தி தேய்த்தேன். அதில் ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்து அவள் என்னமோ சொன்னாள், கூட்டமே சிரித்தது. "இன்னா சொன்னாடி?" என்று புனிதாவைக் கேட்டேன். "இந்தியா மேப் மாதிரி இருக்குதாம்மா" என்றாள். விடுவேனா? மத்தியானம் மிளகைத் தட்டிப் போட்டு ஒரு ரசம் வைத்தேன். குடித்துவிட்டு இருமினாள், கண்ணைத் துடைத்தாள், இன்னொரு டம்ளர் கேட்டாள். பழிவாங்கக்கூட வழியில்லை.

மூன்றாம் நாள், "வந்ததுக்கு ஒரு வாட்டி போய்ட்டு வா அம்சா" என்று உன் மாமா உயிரை எடுத்தார். வாடகைக் கால்சட்டைக்கு மேலே பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு நின்றேன். லோகேந்தர் பலகையை மாட்டிவிட்டான். மேலே போனதும் கயிற்றை விடவேண்டும் என்று இந்தியில் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. நான் விடவில்லை. கயிறும் என்னை விடவில்லை. "ஏங்க, நிறுத்துங்க!" என்று கத்துகிறேன். இன்ஜின் பக்கத்தில் இரண்டு ஆம்பளைகளும் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கை வழுக்கி, பொத்தென்று விழுந்து, உட்கார்ந்த வாக்கிலேயே கீழே கிளம்பிவிட்டேன். எதிரே பிம்லா தேவி டீ கெட்டிலோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். "ஜல்தி நகரு! நகருடி!" என்று அலறினேன். அவள் எங்கே நகர்ந்தாள்? அவளையும் அள்ளிக்கொண்டு போய் விறகுக் குவியலில்தான் நின்றேன். தலையெல்லாம் டீ. அவள் அவளுடைய பாஷையில் திட்டினாள், நான் என்னுடைய பாஷையில் திட்டினேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது. திட்டி முடித்ததும் என்னைத் தாங்கலாக உள்ளே கூட்டிப்போய், கடுகெண்ணெயைக் காய்ச்சி இடுப்பில் தேய்த்து, தன்னுடைய ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைப் போர்த்திப் படுக்க வைத்தாள். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம். நிம்மதியாகக் கோபப்படவிடாத மனுஷி அவள்.

நான் விழுந்தபோது பெற்ற பெண் எங்கே இருந்தாள் தெரியுமா? உச்சியில். இங்கே ஏழு மணிக்கு மூன்று முறை எழுப்பினாலும் எழாதவள், அங்கே பொழுது விடிவதற்குமுன் எழுந்து, தலை வாரி, பலகையோடு போய்விடுவாள். சறுக்கும்போது வளைந்து திரும்புவது எப்படி என்று லோகேந்தர் அவளுக்குக் கற்றுக்கொடுத்தான். நாலு நாளும் அதே வளைவு. நானும் வாத்தியார்தான், சொல்கிறேன், ஒரே பாடத்தை நாலு நாள் நடத்துகிறவனுக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை என்று அர்த்தம்.

கிளம்ப வேண்டிய நாளில் பனி கொட்டியதால் பாதையை மூடிவிட்டார்கள். உனக்குப் போன் போட்டேன். "பனிய நானா கொட்டறேன், பேஜாரு பண்ணாதக்கா" என்றாய். சரி, அச்சிறுபாக்கத்துக்காரர்களுக்கு விஷயத்தைச் சொல்லி, தேதியை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல் என்றேன். "சொல்லிட்டன்னு வெச்சிக்கோ" என்றாய். நான் வெச்சிக்கினேன். நீ சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இன்னும் மலையிலேயே கிடக்க, அவர்கள் வேன் வைத்துக்கொண்டு, பூவும் பழமுமாக வந்து, பூட்டின வீட்டு வாசலில் வெயிலில் நின்றிருக்கிறார்கள். எதிர்வீட்டு ராஜாமணி, "அவங்க குடும்பத்தோட சறுக்கி வெளாட போயிருக்காங்களே" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பையனின் அம்மா அங்கிருந்தே எனக்குப் போன் போட்டாள். "கல்யாண வயசுல பொண்ண வெச்சிக்கினு சறுக்கி வெளாடற குடும்பம் எங்களுக்கு வேணாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். விருத்தாசலம், கேட்டுக்கொள். ரெண்டு வருஷமாக அலைந்து, ஜாதகம் பொருந்தி, எல்லாரும் சரி என்று சொல்லி வந்த இடம். புனிதாவுக்கு முப்பது முடிகிறது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அம்மா மனசு உடையக் கூடாது என்று துக்கத்தை உள்ளேயே அடக்கிக்கொண்டாள், பாவம்.

அதனால் சொல்கிறேன். நீ நேராக அச்சிறுபாக்கம் போய், குற்றம் உன்னுடையது என்று சொல்லி, அவர்கள் காலில் விழுவாயோ கையைப் பிடிப்பாயோ, அந்தச் சம்பந்தத்தைத் திரும்பக் கொண்டுவா. அதுவரை என் வாசல்படி ஏறாதே. அந்த மலை, அந்தக் கயிறு, அந்தக் குடும்பம், எதன் பெயரும் இனி என் காதில் விழக்கூடாது. அவர்கள் இருக்கிற திசையில் நான் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன்.

மலர்விழிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள் எப்போதும் உண்டு. உனக்கு உண்டா என்று இப்போது சொல்ல முடியாது. வருகிற அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறேன். உன்னைப் பற்றி அங்காளம்மனிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
து. அம்சவள்ளி

பின்குறிப்பு: அச்சிறுபாக்கம் போகாதே. நேற்று இந்தக் கவரை ஒட்டப் போகும்போது புனிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "விழுப்புரம் மாமாவ அங்க அனுப்பாதம்மா. எனக்கு லோகேந்தரத்தான் புடிச்சிருக்கு" என்றாள். உன் மாமா பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். அவருக்கும் பேலி ராமுக்கும் இது அங்கேயே தெரியுமாம். வீடு இடிகிற மாதிரி கத்தினேன். பிறகு பிம்லா தேவிக்கு வீடியோ கால் போட்டேன். அவளும் அப்போதுதான் கேள்விப்பட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் கத்தினோம். கத்தி முடித்ததும், வலி எப்படி இருக்கிறது என்று தன் இடுப்பைத் தட்டிக் காட்டிக் கேட்டாள். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். சம்பந்தம் பேச வந்த எவளும் இதுவரை என் இடுப்பு வலியைப் பற்றிக் கேட்டதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் மூன்று பேரும் பெண் கேட்டு வருகிறார்கள். தாய்மாமன் நீ இல்லாமல் நடக்காது. விழுப்புரம் ஸ்டேஷனில் ஏ.சி. வண்டியோடு போய் நில், நம்ம ஊர் வெயில் அவர்களுக்குப் பழக்கமில்லை. அவர்கள் யாரும் கடலைப் பார்த்ததே இல்லையாம். பொம்மையார்பாளையம் கடற்கரையில் நல்ல ரூமாகப் போடு. பிம்லா தேவியை முதல் அலை அடித்து உருட்டும்போது நான் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நாற்காலியை மறந்துவிடாதே.